கூப்பிட்டால் போதுமா? அழைப்பு வித்தை பற்றிக் கேள்வி பதில்

ஃபேன்டசி கதை எழுதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் பலர், தெய்வத்தையோ பூதத்தையோ வரவழைக்கும் வித்தை கதைக்குள் எப்படி இயங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் அரூர்ப் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன். என் பதில்கள் அங்கிருந்துதான் வரும்.

பாலக்கோடு: அண்ணா, என் நாயகன் ஒரு பூதத்தை அழைக்கிறான். என்ன விதி வைப்பது?

தம்பி, குந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். துர்வாசர் கொடுத்த மந்திரம். நினைத்த தேவன் வந்தாக வேண்டும், வந்தவன் பிள்ளை கொடுத்துவிட்டுத்தான் போவான். விளையாட்டாகச் சொன்னாலும் பலிக்கும். அப்படித்தான் சூரியன் வந்து நின்றான், கர்ணன் பிறந்தான். கல்யாணத்துக்குப் பிறகு தருமதேவன், வாயு, இந்திரன் என்று மூன்று பேரை அழைத்தாள். மந்திரத்தை இன்னொருத்திக்குக் கொடுக்கவும் முடியும். பாண்டுவின் இன்னொரு மனைவி மாத்ரிக்கு ஒரே ஒரு முறைக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். மாத்ரி அழைத்தது அசுவினி தேவர்களை. அவர்கள் இரட்டையர்! ஒரு அழைப்பில் நகுலனும் சகாதேவனும் கிடைத்துவிட்டார்கள். மறுபடியும் மாத்ரிக்காகப் பாண்டு கேட்டு வந்தபோது, அவள் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று குந்தி மறுத்துவிட்டாள்.

மாத்ரி விதியை மீறவே இல்லை, அதற்குள் ஒரு சந்து இருப்பதைப் பார்த்தாள். உங்கள் பூதத்துக்கும் இப்படி மூன்று நான்கு விதிகள் போதும். ஒரு சந்தும் வையுங்கள்.

ஓசூர்: ஒரு அழைப்புக்கு எத்தனை புள்ளி மந்திர சக்தி செலவாகும்?

புள்ளிக் கணக்கு எனக்குத் தெரியாது. கேம் செய்கிறவர்களைக் கேளுங்கள்.

பென்னாகரம்: சண்டை முடிந்ததும் பூதம் மறைந்துவிட்டது என்று எழுதினால் போதாதா?

போதாது. இதைத்தான் உங்கள் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்பட்டேன்.

நம் ஊர்த் திருவிழாவில் சாமி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பை அடி வேகமெடுக்கும். கூட்டத்தில் ஒரு அம்மாவின் தோள் முதலில் குலுங்கும், பிறகு கொண்டை அவிழும். பூசாரி உடனே குறி கேட்க மாட்டார். "யாரு வந்திருக்கறது? பேரைச் சொல்லு" என்பார். பேர் சொன்ன பிறகுதான் வாக்கு. வாக்கு முடிந்ததும் கற்பூரம் கொளுத்திக் காட்டி, திருநீறு பூசி, முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த அம்மா அப்படியே சாய்வார். ரெண்டு பேர் பின்னால் தயாராக நிற்பார்கள், தலை தரையில் மோதாமல் பிடிக்க. கண் திறந்ததும் முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர். என்ன பேசினோம் என்று ஞாபகம் இருக்காது.

இதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இருக்கிறது: மலையேறுதல். சாமி மலையேறினால்தான் அழைப்பு முடிந்தது. பாரதத்தில் துரோணர் மகன் அசுவத்தாமனுக்கு இது கைவரவில்லை. ஒரு புல்லை எடுத்துப் பிரம்மசிரசு அஸ்திரத்தை ஏவினான். எதிரே அருச்சுனனும் ஏவினான். முனிவர்கள் திருப்பி வாங்குங்கள் என்றபோது அருச்சுனனால் முடிந்தது, அசுவத்தாமனால் முடியவில்லை. அது அபிமன்யுவின் மனைவி உத்தரையின் வயிற்றில் இருந்த சிசுவின் மேல் போய் விழுந்தது. மலையேற்றம் எழுதாமல் அழைப்பு எழுதாதீர்கள்.

காவேரிப்பட்டணம்: நிஜமாகவே பலிக்கும் மந்திரம் ஒன்று சொல்லுங்கள் சார்.

மாட்டேன். இங்கே பேசுவது கதை. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஊத்தங்கரை: அண்ணா, வந்தவன் கட்டுப்பட்டவன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். குந்தி சூரியனைப் போகச் சொன்னாளே, போனானா? வெறும் கையோடு திரும்பினால் தேவர்கள் சிரிப்பார்கள், உன்னையும் உன் அப்பாவையும் மந்திரம் கொடுத்தவரையும் சபிப்பேன் என்றான். கட்டுப்பட்டவன் மிரட்டுவானா?

தங்கச்சி, மிரட்டலை நான் விட்டது தப்புத்தான். ஆனால் அவனுக்கும் சும்மா திரும்ப வழியில்லை. மந்திரம் இரண்டு பேரையும் கட்டியது.

ஊத்தங்கரை: இரண்டு பேரையும் கட்டியது சரி. பெட்டியில் வைத்துப் பிள்ளையை ஆற்றில் விட்டது யார்? அவன் வானத்துக்குப் போய்விட்டான்.

ஒப்புக்கொள்கிறேன். கட்டு ஒன்றுதான் என்றாலும் சுமை ஒருத்தி தலையில்தான் விழுந்தது. உங்கள் கதையில் இதை அவசியம் எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தப்பு துர்வாசர் மேல். சின்னப் பெண்ணுக்கு அழைக்கச் சொல்லிக்கொடுத்தார், அனுப்பச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் குந்தியையும் சூரியனையும் வைத்தே யோசித்திருக்கிறேன். பாதி வித்தை கொடுத்த குருவை நினைத்ததே இல்லை. ஊத்தங்கரைத் தங்கச்சி இதற்கு என்ன சொல்கிறார்?

ஊத்தங்கரை: அதற்கு நானும் சரி என்கிறேன். ஆனால் சூரியனை விட மாட்டேன்.

விட வேண்டாம்.

மாரண்டஅள்ளி: பூதம் அழைக்க என்ன விதி வைக்கலாம்?

பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பர்கூர்: பூதத்தை அழைக்கும் விதிகள் பற்றி...

மேலே இருக்கிறது. மலையேற்றத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

காரிமங்கலம்: வேதாளத்தை அழைத்ததாகக் கொள்ளலாமா?

விக்கிரமாதித்தன் அழைக்கவில்லை, முருங்கை மரத்திலிருந்து இறக்கிச் சுமந்தான். அழைப்புக்கு ஏற்பாடு செய்தவன் சாமியார். நமஸ்காரம் பண்ணு என்று சாமியார் சொன்னால், எனக்குத் தெரியாது, நீயே செய்து காட்டு என்று சொல் என வேதாளமே ராஜாவுக்கு வழி சொல்லித்தந்தது. குனிந்தான் சாமியார், தலை போயிற்று. அடுத்தவனைச் சுமக்கவிட்டு அழைக்கிற பாத்திரம் உங்கள் கதையில் இருந்தால், சுமந்தவனும் வந்ததும் ஒருநாள் பேசிக்கொள்வார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அரூர்: உயிருள்ளதைத்தான் அழைக்க முடியுமா? தண்ணீரை?

நம் தீர்த்தமலையே இருக்கிறதே! ராமர் பூஜைக்கு கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வர நேரமானது. ராமர் மலையில் அம்பு எய்தார், தண்ணீர் வந்தது, ராமர் தீர்த்தம் என்கிறோம். கேட்டதும் மலை கொடுத்துவிட்டது. பிறகு அனுமன் வந்து சேர்ந்தார், கையில் கங்கை. பூஜை முடிந்துவிட்டது. அந்த நீரை வீசினார். தென்பெண்ணைக் கரையில் அது விழுந்த இடம் அனுமன்தீர்த்தம். தேவை தீர்ந்த பிறகு வந்த தண்ணீருக்கும் இறங்க ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். நீங்கள் அரூர்தானே, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு இடத்துக்கும் போய்வந்துவிட்டு எழுத உட்காருங்கள்.