லோடாஷ் இருக்கும்போது நான் ஏன் எழுத வேண்டும்?

கேள்வி: ஐயா, ஆறு மாதமாக ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். பெயரின் முதல் எழுத்தை எடுப்பது, சொல்லைத் திருப்பிப் போடுவது, பட்டியலில் இரட்டிப்பை நீக்குவது என்று முப்பது சின்ன ஃபங்ஷன்களை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளை) ஒரே ஃபைலில் சேர்த்திருக்கிறேன். எபேனில் வேலை பார்க்கும் மாமா மகன், ரெடிமேட் ஃபங்ஷன்களின் தொகுப்பான லோடாஷைக் காட்டி, "எல்லாம் லோடாஷிலேயே இருக்கே, எதுக்கு வெட்டி வேலை?" என்கிறான். விட்டுவிடலாமா?
– வாசகர், ரோஸ்ஹில், மொரிசியஸ்

பதில்: விடாதீர்கள் தம்பி. அவர் சொல்வது ஆபீஸுக்குச் சரி, அங்கே லோடாஷ்தான் போட வேண்டும். நீங்கள் செய்வது கை பழக்கம்.

ஆனால் ராம், சீதா என்று ஆங்கில எழுத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைத்திருப்பீர்களே, அங்கேதான் ஆரம்பமே. முதல் எழுத்து ஃபங்ஷனுக்கு "முருகன்" கொடுத்துப் பாருங்கள், "மு" வராது, வெறும் "ம" வரும், ஏனென்றால் எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் எண் கொடுக்கும் யூனிகோடில் ம தனி, உகரக் குறி தனி. "தமிழ்" என்பதன் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். அதையே திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் நிற்கும், மி-யில் இருந்த இகரக் குறி ழ-வில் ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும். எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க இன்டல் செக்மென்டர் என்று ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது, ஆனால் முதலில் நீங்களே முட்டி மோதிப் பாருங்கள்.

நானும் மோதியவன்தான். ஒரு கோவிலுக்குத் தைப்பூசக் காவடிப் பட்டியல் செய்து கொடுத்தேன், இரட்டிப்பை நீக்கும் ஃபங்ஷன் என் சொந்தச் சரக்கு. பொன்னம்மா இரண்டு தடவை வந்தார்! ஒரே ஆள், கண்ணுக்கு ஒரே எழுத்து, ஆனால் ஒரு இடத்தில் "பொ" ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாகவும் மற்ற இடத்தில் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் பதிவாகியிருந்தது. நம் ஊர் பிரெஞ்சுப் பெயர்களில் வரும் மேலே கோடு போட்ட é-க்கும் இதே வியாதி உண்டு. ஒப்பிடுவதற்கு முன் நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது, அது தெரிய எனக்கு ஒரு ராத்திரி ஆனது. வரிசை எண்களும் 1, 10, 100, 2 என்று நின்றன, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு (sort) ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் அது எண்ணையும் எழுத்தாகத்தான் பார்க்கும்.

அப்புறம் தேதி. நம் சுதந்திர நாளை 1968, 3, 12 என்று, தேதியை உருவாக்கும் டேட்டுக்குக் (Date) கொடுத்தால் ஏப்ரல் 12 வரும், அங்கே ஜனவரிதான் பூஜ்யம். வருடம், மாதம், நாள் என்று இடையில் கோடு போட்டு "1968-03-12" என எழுத்தாகக் கொடுத்தால் மாதம் சரியாகும், ஆனால் அதை உலகப் பொது நேரமான யூடிசியின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நாம் 4 மணி நேரம் முன்னால் இருப்பதால் இங்கே விடியற்காலை 4 மணி, அதே தேதி, பிழையே தெரியாது. யூடிசிக்குப் பின்னால் இருக்கும் கனடாவின் மொன்றியலில் வாழும் சொந்தக்காரர் அதே பக்கத்தைத் திறந்தால் மார்ச் 11 என்று காட்டும். மொரிசியஸில் இருந்துகொண்டு இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை மாற்றிவைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் ஃபைலை, ஜாவாஸ்கிரிப்ட் சரக்குகளை எல்லோரும் பகிரும் என்பிஎம்மில் போட்டால் நாலு பேருக்கு உதவுமே?
– அதே வாசகர்

பதில்: ஆசை புரிகிறது, இப்போது வேண்டாம். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிச் சரக்கை எழுதியவர் அங்கிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த, புது ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய பிரவுசருக்கு ஏற்ப மாற்றும் பேபல் முதற்கொண்டு எத்தனையோ புராஜெக்ட்கள் நின்றுபோயின. அது செய்தது, எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்புவது மட்டுமே. அடுத்த வருடமே பேட்ஸ்டார்ட் என்று மொழியிலேயே வந்துவிட்டது. உங்கள் முப்பதில் இப்படி ஏற்கெனவே மொழிக்குள் வந்துவிட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள், மீதியை அடுத்த இதழில் பார்ப்போம்.