பால் பாக்கெட்டைப் பல்லால் பிரிக்கும் மனைவி

கேள்வி: என் மனைவிக்கு வயது 47. பல வருடமாக சொரியாசிஸ். ஒரு வருடமாக விரல்களும் கணுக்காலும் வீங்கி வலிக்கின்றன. ஆர்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ், அதனால் மூட்டுவாதம் இல்லை. தோல் டாக்டர் வாரம் ஒருமுறை போடும் மாத்திரை கொடுத்தார். கல்லீரல் போய்விடும் என்று மச்சினர் சொன்னதால் நிறுத்திவிட்டோம். வெட்பாலைத் தைலத்தைச் சூடாக்கித் தேய்க்கிறாள். காலையில்தான் சிரமம், பால் பாக்கெட்டைக்கூடப் பல்லால் கடித்துத்தான் பிரிக்கிறாள். எட்டு மணிக்கு மேல் சரியாகி எல்லா வேலையும் பார்த்துவிடுவாள். ஆயுர்வேத வைத்தியசாலையில் 21 நாள் தங்கச் சொல்கிறார்கள். வீட்டை யார் பார்ப்பது? வீட்டிலேயே செய்ய நல்ல தைலம், கஷாயம் சொல்லுங்கள்.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தைலம் இருக்கட்டும் ஐயா, முதலில் அந்தப் பால் பாக்கெட்டுக்கு வருவோம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவர் பல்லால் கடிப்பது உங்களுக்குத் தெரிகிறதென்றால் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிக் கொடுக்க உங்கள் கைக்கு என்ன வந்தது? எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடுமாம். எட்டு மணிக்குள் உங்கள் வீட்டில் காபி, இட்லி, சட்னி, டிபன் பாக்ஸ் எல்லாம் முடிந்திருக்குமே, அதெல்லாம் மடங்காத விரலால் நடந்த வேலைதானே?

நோயைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் காலை நேரம்தான். தேய்மான வலி என்றால் விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். இவருக்கோ எழுந்ததும் மோசம், கை அசைய அசையக் குறைகிறது. சொரியாசிஸ் தோலோடு நிற்காமல் மூட்டையும் பிடித்திருக்கலாம். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். அதில் ஆர்.ஏ. டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். அவர் நகங்களைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியதுபோல் குழி இருக்கிறதா? ஏதாவது ஒரு விரல் அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக உப்பியிருக்கிறதா? இருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்பு அரித்துப்போகலாம். அப்படி அரித்துப்போன மூட்டு எந்த வைத்தியத்திலும் பழையபடி ஆகாது.

ஆயுர்வேதத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறமானதும் எடுக்கும் தைலம் தோலின் வறட்சிக்கும் செதிலுக்கும் இதமானதுதான். ஆனால் அது தோலுக்கு. வீங்கிச் சுடுகிற மூட்டில் சூடான எண்ணெயைத் தேய்க்காதே என்பது ஆயுர்வேதமே சொல்வது. ஆமம், அதாவது சரியாகச் செரிக்காமல் உடம்பில் தேங்கும் கழிவு, இருக்கும்போது எண்ணெய் கூடாது, மணல் ஒத்தடம் போன்ற வறண்ட சூடுதான் என்பார்கள். மகாதிக்தக கிருதமோ கைசோர குக்குலுவோ, நாடி பார்த்து, ஜீரணம் பார்த்துத் தருகிற மருந்துகள். பத்திரிகையில் பெயர் படித்துவிட்டு வாங்குகிறவை அல்ல. சீந்தில் கஷாயமும் அப்படித்தான். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தில் செந்தூரம், பற்பம் யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். பாதரசம், ஈயம் இருக்கலாம்.

கல்லீரலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் கேட்கிறீர்கள்! அந்த மாத்திரை அநேகமாக மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கும். கல்லீரலைப் பாதிக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல மச்சினர் யார்? நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

இந்த வாரமே ருமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத நிபுணரிடம், கூட்டிப் போங்கள். எலும்பு டாக்டரிடம் அல்ல. ஆயுர்வேதமும் வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கோட்டாற்றிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே கொடுப்பதை ருமட்டாலஜிஸ்டிடமும், அவர் கொடுப்பதை அங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள்.

21 நாள் தங்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னால் அனுப்பிவையுங்கள். அந்தச் சிகிச்சையில் பாதி, அடுப்படிக்குப் போகாமல் ஓய்வாக இருப்பதுதான். வீட்டை யார் பார்ப்பதா? நீங்கள்தான். கட்டிக்கொண்டவர் படுத்தால் அடுப்பைப் பற்றவைப்பது கணவனின் கடமை, உதவி அல்ல. சாதம் குழைந்தால் குழையட்டும், சாப்பிடுங்கள். மச்சினர் ஏதாவது சொன்னால், ஒரு நாள் வந்து சமைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.