பாட்டியிடம் சொல்லாதே என்று பழக்கிவிட்டீர்களா?

கேள்வி: நானும் கணவரும் பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை. அடுத்த மாதம் ஒரு வார இறுதியில் நான்கு வயது மகளை மும்பைக்கு அழைத்துப் போகிறோம். வெள்ளி இரவு கடைசி விமானம், கொலாபாவில் ஹோட்டல், ஞாயிறு இரவு திரும்புகிறோம். சனிக்கிழமை எலிஃபெண்டா, கேட்வே ஆஃப் இந்தியா, மியூசியம், மரைன் டிரைவ். ஞாயிறு பைகுல்லா மிருகக்காட்சி சாலை, நேரு சயின்ஸ் சென்டர், ஹாஜி அலி, ஜூஹு. மகள் மதியம் தூங்காவிட்டால் சாயங்காலம் முழுக்க அழுவாள். வெளியூரில் தயிர் சாதம் தவிர எதையும் தொட மாட்டாள்.

மாட்டுங்காவில் கணவரின் அத்தை தனியாக இருக்கிறார். கணவர் முதல் வேலையில் சேர்ந்தபோது இரண்டு வருஷம் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தார். அங்கே போனால் அரை நாள் போய்விடும், 'இன்னொண்ணு எப்போ?' என்று வேறு கேட்பார். அதனால் நாங்கள் வருவதைச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வீடியோ காலில் மகளோடு பேசுவார் என்பதால், 'பாட்டிகிட்ட சொல்லக் கூடாது, இது நம்ம சீக்ரெட்' என்று அவளைப் பழக்கிவிட்டேன். கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் திட்டம் சரியா? எந்த இடத்தை விடலாம், எதைச் சேர்க்கலாம்?

— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: இடங்களைப் பற்றி அப்புறம் பேசலாம். இரண்டு நாளில் எட்டு இடம் என்று சின்னக் குழந்தையை இழுத்துக்கொண்டு அலையத் திட்டம் போடும் பெற்றோர் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். அதைச் சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத வரி வேறு. ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டேன் என்பதுபோல, 'மகளைப் பழக்கிவிட்டேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

எதற்குப் பழக்கினீர்கள்? வாரம் தவறாமல் அவள் முகத்தைப் பார்க்க ஆசையாகக் கூப்பிடும் ஒரு வயதானவரிடம், சிரித்துக்கொண்டே ஒன்றை மறைப்பதற்கு. நான்கு வயதில் ஒரு குழந்தைக்கு ஊருக்குப் போகிறோம் என்பதைவிடப் பெரிய சந்தோஷம் எது? விமானம், கடல், பென்குயின் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் துடிக்கும் வயது. அதை யாரிடம் சொன்னால் அதிகம் மகிழ்வாரோ, அவரிடமே சொல்லாதே என்று வாயைக் கட்டியிருக்கிறீர்கள்.

நான்கு வயதுக் குழந்தை ரகசியத்தைக் காப்பாற்றாது. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு உளறிவிடும். 'அத்தைப் பாட்டி, நாங்க பாம்பேக்கு வரப் போறோம், அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னா' என்றுதான் அது வெளியே வரும். மும்பைக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தால் அத்தைக்கு வருத்தமாக இருக்கும். தன்னிடம் பொய் சொல்லக் குழந்தையைத் தயார் செய்தார்கள் என்று தெரிந்தால் அது அவமானம். முன்னதை நாலு நாளில் மறந்துவிடுவார். பின்னது அவ்வளவு சுலபமாகப் போகாது.

இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. குழந்தையிடம் தகாத முறையில் நடக்கிறவன் முதலில் கேட்பது இதைத்தான்: 'அம்மாகிட்ட சொல்லாதே, இது நமக்குள்ள சீக்ரெட்.' நீங்கள் பயன்படுத்திய அதே வார்த்தை. குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: நம் வீட்டில் பெரியவர்களும் குழந்தையும் சேர்ந்து வைத்திருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது என்பதைக் குழந்தை அறிந்திருக்க வேண்டும். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது வேறு. அது நாலு நாளில் எல்லோருக்கும் தெரியப் போவது, தெரிந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்தது முடிவே இல்லாத ரகசியம். அம்மா சொன்னால் அன்பானவரிடமும் மறைக்கலாம் என்று இன்று அவள் கற்றுக்கொண்டாள். நாளைக்கு வேறு யாராவது, அம்மாவிடம் மறை என்று சொன்னால், அது தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு அரை நாளை மிச்சம் பிடிக்க இவ்வளவு பெரிய விலையா?

அடுத்து உங்கள் கணவர். நீளமான கடிதத்தில் அவர் 'ஒன்றும் சொல்லவில்லை' என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடுகிறார். அத்தை அவருடைய அத்தை. இரண்டு வருஷம் அவர் கையால் சாப்பிட்டவர் இவர். மும்பையில் இடம் என்றால் என்ன என்று பெங்களூரில் இரண்டு பெட்ரூம் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். மாட்டுங்கா, செம்பூர், தாராவி எதுவானாலும் சரி, ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையனுக்கு ஹாலில் ஒரு பாய் விரித்தார்கள் என்றால், அந்த வீட்டில் இருந்தவர்கள் தங்கள் படுக்கையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். காலையில் லோக்கல் டிரெயினைப் பிடிக்க ஓடும் பையனுக்கு டப்பா கட்டிக் கொடுத்தார்கள் என்றால், அதற்காக அவனுக்கு முன்னால் ஒருவர் எழுந்தார் என்று அர்த்தம். தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் அந்த ஊரில் காலூன்றினார்கள். அந்த அத்தை வாடகை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், அவ்வளவுதான் வாங்கிக்கொள்கிறார். அவர் இருக்கும் ஊருக்குப் போய், அவர் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹோட்டலில் படுத்துவிட்டு வருவது நன்றிகெட்ட செயல். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

உங்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 'இன்னொண்ணு எப்போ?' என்ற கேள்வி வலிக்கும். அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, அத்தைக்கும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து உங்களைக் காப்பது குழந்தையின் பொறுப்பா? உங்கள் கணவரின் பொறுப்பு. போகும் முன்பே அவர் போனில், 'அத்தை, ரெண்டாவது குழந்தை பத்தி அவகிட்ட கேக்காதீங்க, அது நாங்க பேசி முடிவு பண்ற விஷயம்' என்று ஒரு தடவை சொன்னால் போதும். வளர்த்த பையன் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வார். அப்படியும் கேட்டால் அங்கேயே அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுங்கள். ஹோட்டலில் தங்குவதும் தவறு இல்லை. வயதானவர் வீட்டில் மூன்று பேர் போய் இறங்குவது அவருக்கும் சிரமம். தங்கவில்லை என்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மகளுக்கு மதியத் தூக்கம் வேண்டும், தயிர் சாதம் வேண்டும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். கொலாபா ஹோட்டலிலிருந்து கிளம்பி ஊர் சுற்றும் நாளில் பகல் ஒரு மணிக்கு இந்த இரண்டும் எங்கே கிடைக்கும்? மும்பையில் யாரைக் கேட்டாலும் தயிர் சாதத்துக்குத் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவைத்தான் காட்டுவார்கள். ஓட்டலில் சாப்பாடு கிடைக்கும், படுக்கை கிடைக்காது. சுத்தமான கழிவறை, மின்விசிறி, சுருண்டு தூங்க ஒரு கட்டில், எழுந்ததும் பால், எல்லாம் அத்தை வீட்டின் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. நீங்கள் அந்தக் கதவைத்தான் ஒளிந்து தாண்டப் பார்க்கிறீர்கள்.

எலிஃபெண்டாவை விட்டுவிடுங்கள். கேட்வேயிலிருந்து படகில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இறங்கியபின் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். வழியெல்லாம் குரங்குகள், கையில் தின்பண்டம் இருந்தால் பிடுங்கும். மேலே இருக்கும் மூன்று முகச் சிவன் சுமார் 20 அடி உயரம், பார்க்க வேண்டிய சிற்பம்தான். ஆனால் அவள் பத்து வயதில் பார்த்தால் நினைவில் நிற்கும். இப்போது உங்கள் கணவரின் தோள்தான் வலிக்கும். ஹாஜி அலியும் வேண்டாம். கடலுக்குள் போகும் அந்தப் பாதை கடல் ஏற்றத்தின்போது மூழ்கிவிடும், நேரம் பார்த்துப் போக வேண்டிய இடம். ஜூஹு கடற்கரை விமான நிலையத்துக்குப் பக்கம்தான் என்பீர்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அங்கே குழந்தையின் கையை விடவே முடியாது, மணலில் அவள் எப்படி விளையாடுவாள்?

வெள்ளி இரவு நடுநிசியில் போய் இறங்குவதால் சனிக்கிழமை அவளைத் தட்டி எழுப்பாதீர்கள். பத்து மணி வாக்கில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனுக்குப் போய், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலில் ஏறுங்கள். காலையில் ஊரே அந்த ஸ்டேஷனை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பைகுல்லா. அங்கே ராணி பாக் மிருகக்காட்சி சாலையில் 2017 முதல் ஹம்போல்ட் பென்குயின்களைப் பார்க்கலாம், உள்ளே ஏ.சி., குழந்தைகள் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள். பென்குயின், இன்னும் ஒன்றிரண்டு மிருகங்கள், அத்தோடு போதும். முழுவதையும் சுற்றிக் காட்டினால்தான் கொடுத்த காசுக்கு நியாயம் என்று நினைக்காதீர்கள். பெங்களூர்க் காற்றில் வளர்ந்த குழந்தை மும்பைப் புழுக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள், மாற்றுச் சட்டை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் பன்னிரண்டு தாண்டியதும் அதே தடத்தில் ஸ்லோ வண்டி பிடித்து மாட்டுங்கா. 2017-இல் முழுக்கப் பெண் ஊழியர்களையே கொண்டு இயங்கத் தொடங்கிய ஸ்டேஷன் அது. டிக்கெட் கொடுப்பதிலிருந்து எல்லா வேலையும் அக்காக்கள்தான் செய்கிறார்கள் என்று மகளுக்குக் காட்டுங்கள். பக்கத்தில் பூக்கடைகள் இருக்கும், அத்தைக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்குக் காப்பி. அப்புறம் டாக்ஸி பிடித்து கிர்காம் சௌபாத்தி கடற்கரை. அந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். மணலில் ஒரு மணி நேரம் தோண்டட்டும், இருட்டியதும் மரைன் டிரைவ் விளக்குகளைப் பார்த்தபடி அறைக்குத் திரும்பலாம். அத்தைக்கு முழங்கால் ஒத்துழைத்தால் அவரையும் அழைத்துப் போய்விட்டு, உங்கள் கணவர் டாக்ஸியில் கொண்டுபோய் விட்டு வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லோக்கலை நம்ப வேண்டாம். பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று பல வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு ஹோட்டலிலிருந்து நடந்து போகும் தூரமே போதும். கேட்வேயில் படகுகள், அடுத்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியம். அதன் வளாகத்திலேயே 2019-இல் குழந்தைகளுக்கென்று தனி மியூசியம் திறந்திருக்கிறார்கள். மதியம் அறையில் தூக்கம், அதற்காக ஹோட்டலில் லேட் செக்-அவுட் இப்போதே கேட்டு வையுங்கள். சயின்ஸ் சென்டருக்கு அவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும். விமான நிலையத்துக்குப் பூமிக்கடி மெட்ரோவில் போகலாம். 2025 அக்டோபரில் கொலாபா பக்கத்துக் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டார்கள், விமான நிலையத்தின் டி2 முனையத்துக்கே ஸ்டேஷன் இருக்கிறது.

இதெல்லாம் அடுத்த மாதம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மகளை மடியில் உட்கார வைத்து, 'பாட்டிகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னேன் இல்ல, அது தப்பு. யார் எதைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாலும் நீ அம்மாகிட்ட வந்து சொல்லணும்' என்று சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, அடுத்தடுத்த நாட்களிலும் சொல்லுங்கள். போன் வந்ததும் முதலில் கணவர் பேசட்டும்: 'அத்தை, அடுத்த மாசம் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரோம். பாப்பா தூங்கி எழுந்ததும் கிளம்பணும். ரசமும் தயிரும் போதும், சிரமப்படாதீங்க.' நேரத்தை இப்போதே சொல்லிவிட்டால் அரை நாள் ஒரு நாள் ஆகாது.

அதன்பிறகு போனை மகளிடம் கொடுங்கள். அவள் சொல்வதைப் பாதியில் மறிக்காதீர்கள். அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னா என்பதையும் சேர்த்துச் சொன்னால், போனை வாங்கி, 'ஆமாம் அத்தை, நான்தான் சொன்னேன், மன்னிச்சுக்கோங்க' என்று குழந்தைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.