பாஸ் எங்கே போனது?

கேள்வி: 900 ரூபாய்க்கு வாங்கிய உலோக இயர்போன் ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் 2,200 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன். பிளாஸ்டிக்தான், ஆனால் வயரைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். பழையதில் பாஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, அதிகம். கையில் எடுத்தாலும் அதுதான் கனம். புதியதில் பாட்டு வெறிச்சென்று இருக்கிறது. திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பொறுங்கள், பார்சலை இன்றைக்கே கட்ட வேண்டாம். வயரைக் கழற்றலாம் என்கிறீர்களே, என் முதல் சந்தேகமே அங்கேதான். இந்த வகையில் பலவற்றில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்னப் பின்கள் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அவை மாறி மாட்டிக்கொண்டால், ஒரு காதில் டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) காற்றைத் தள்ளும்போது மறு காதில் இழுக்கும். பாட்டு நிற்காது. ஆனால் பாஸ் வற்றிவிடும். நடுவில் கேட்க வேண்டிய குரல் கலைந்துபோய் எங்கிருந்தோ வரும். ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கி, திருப்பிச் செருகிக் கேட்டுப் பாருங்கள். நேராக இழுங்கள், பின்கள் வளைந்துவிடப் போகின்றன.

அதில் கோளாறு இல்லையென்றால் அடுத்தது காதுக்குள் போகும் ரப்பர். பெட்டியில் மூன்று அளவு வைத்திருப்பார்கள். நாம் மாட்டி வந்ததையே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்போம். காதில் இடைவெளி இருந்தால் முதலில் ஓடிப்போவது பாஸ்தான். விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் திமுதிமுவென்று வந்தால் பெரிய ரப்பருக்கு மாறுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று சட்டம் இல்லை. எனக்கு இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம்.

அப்புறம், இரண்டையும் ஒரே வால்யூமில் வைத்து ஒப்பிட்டிருப்பீர்கள். போனில் அளவு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு இயர்போனும் அதே அளவில் வேறு வேறு சத்தம் தரும். கொஞ்சம் உரக்கக் கேட்பதை நல்லது என்று நினைப்பது காதின் பழக்கம். பாடுபவரின் குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி வைத்துவிட்டு ஒரு கச்சேரியைப் போடுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் 'தொம்' விழுந்து அங்கேயே அடங்குகிறதா, இல்லை 'பொம்ம்ம்' என்று வயலின் மேலெல்லாம் வழிகிறதா? வழிவதைத்தான் கடையில் நிறைய பாஸ் என்று விற்பார்கள். பாட்டில் 'ஸ' வரும் இடங்கள் காதைக் கீறுகின்றனவா என்றும் பாருங்கள். பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று ஒலியின் எல்லை போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும்.

கனத்துக்கு வருகிறேன். என்னிடமும் ஒரு உலோக இயர்போன் இருந்தது. எட்டே மாதத்தில், போனில் செருகும் ஜாக்கை ஒட்டி வயர் உள்ளுக்குள் அறுந்து, இடது காது ஊமையாகிவிட்டது. உடல் மட்டும் இன்னும் மேஜை டிராயரில் பளபளவென்று கிடக்கிறது. பெரும்பாலும் இயர்போன் சாவது வயரில்தான்: ஜாக்கின் கழுத்தில், இல்லையென்றால் வயர் இரண்டாகப் பிரியும் இடத்தில். அங்கே வளைந்து கொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் புதியதில் வயர் போனால் சில நூறு ரூபாயில் வேறு வயர் மாட்டிக்கொள்ளலாம். உறுதி என்று பார்த்தால் என் ஓட்டு அந்தப் பிளாஸ்டிக்குக்கே.

இத்தனைக்குப் பிறகும் பழையதுதான் பிடிக்கிறதென்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். பெட்டியையும் மற்ற ரப்பர்களையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே?