மாமரத்துல ஒட்டியிருக்கிற குட்டிச் செடி சத்த உறிஞ்சுமா?

கேள்வி: சார், எங்க மாமரத்துல பட்டன் சைஸுக்கு வட்ட வட்டமா, தடியான பச்சை இலையோட ஒரு குட்டிக்கொடி ஒட்டிக்கிட்டு ஏறுது. ரெண்டு வருஷமா காய்ப்பும் கம்மி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி "இது புல்லுருவி, சத்தெல்லாம் உறிஞ்சிரும், செதுக்கி எறி"ங்கிறாரு. செதுக்கலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அருவாள மொதல்ல கீழ வைங்கம்மா. வட்ட இலைக்கு நடுவுல ஒல்லியா நீளமா வேற மாதிரி இலை இருக்கான்னு பாருங்க, அதோட அடிப்பக்கம் பழுப்பா பொடி இருந்துச்சுன்னா அது ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலா இது பரவுற தூள், அப்ப இது பைரோசியாங்கிற பெரணி (ஃபெர்ன்) வகை. இதோட வேரு பட்டைக்கு மேல மட்டும்தான் புடிச்சிருக்கும், உள்ள போகாது. மழைத்தண்ணி, பட்டையில படியுற தூசி, மக்குன இலை இதுலயே பொழைச்சுக்கும், வெயில் காலத்துக்கு அந்தத் தடி இலையில தண்ணி சேத்து வச்சிருக்கும். இப்படி மரத்துமேல வாழுற தொற்றுத்தாவரம் உலகத்துல 28,000 வகைக்கு மேல இருக்கு, அதுல மூணுல ரெண்டு பங்கு ஆர்கிட்தான்.

புல்லுருவி வேற ஆளு. அது கிளைக்குள்ளயே வேர விட்டு மரத்தோட தண்ணியையும் உப்புச்சத்தையும் எடுக்கும், ஒட்டுன எடம் முண்டு முண்டா வீங்கியிருக்கும். பூக்கொத்திக் குருவி அதோட பழத்த தின்னுட்டு பிசுபிசுன்னு ஒட்டுற விதைய அடுத்த கிளையில விட்டுட்டுப் போயிரும், அதனால பழுக்குறதுக்கு முன்னாடியே முண்டுக்குக் கீழ சேத்து கிளையோட வெட்டணும். உங்க மரத்துல அதுவும் இருக்கான்னு உச்சியில ஒரு தடவ பாத்துருங்க.

காய்ப்பு கம்மியானதுக்கு பெரணி மேல பழி போடுறது எனக்கு ஒத்துக்கல. நலிஞ்ச கிளையில இலை கொட்டி வெளிச்சம் விழும், அங்கதான் இது ஜோரா படரும், பாக்குறவங்க தலைகீழா புரிஞ்சுக்கிறாங்க. ரொம்ப மண்டிக் கெடந்தா மழை நாள்ல ஈரமா இருக்கும்போது கையால உரிச்சு எடுங்க, வந்துரும். செதுக்குனா பட்டையில காயம் பட்டு பூஞ்சை ஏறும்.

கேள்வி: வாண்டா ஆர்கிட் வாங்கி செம்மண் தொட்டியில வச்சேன், வேரெல்லாம் அழுகிருச்சு. ஏன் சார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மண்ணுதான் காரணம். அதுவும் மரத்துமேல வாழுற செடி, வேருக்குக் காத்து வேணும். வேருக்கு மேல வெலாமன்னு ஒரு போர்வை இருக்கு, காஞ்சா வெள்ளையா இருக்கும், தண்ணி தெளிச்சா உறிஞ்சி பச்சையா மாறும், வெள்ளையானதும் தெளிச்சாப் போதும். அடுத்த தடவ அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டு போட்ட மரக்கூடையில தொங்க விடுங்க. சேலத்துலயே இருந்துக்கிட்டு ஏற்காடு ஆர்கிட் பூங்காவ பாக்காம இருக்கீங்களே, தாவரவியல் ஆய்வுத்துறையோடது, அங்க எப்படி வச்சிருக்காங்கன்னு ஒருநாள் போய்ப் பாருங்க.