அடுத்தவர் ஊதலைப் பிரித்துப் பார்ப்பது திருட்டா?

கடைசல் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெம்பிஸில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு வாத்து வேட்டைக்குப் போய்ப் பழகி, இப்போது வீட்டு கராஜில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு வாத்து ஊதல் கடைகிறேன். பேர் வாங்கிய ஐந்து பேருடைய ஊதல்களை விலைக்கு வாங்கி, கழற்றி அளந்துகொண்டிருக்கிறேன். "அடுத்தவன் உழைப்பைத் திருடுகிறாய்" என்கிறார் ஒரு நண்பர். மனசு உறுத்துகிறது. இவ்வளவு அளந்தும் என் ஊதலில் அந்தக் கரகரப்பு வரவில்லை, கீச்சென்று கத்துகிறது. என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டென்னசி)

பதில்: அளப்பதை நிறுத்தாதீர்கள். நீங்கள் செய்வது திருட்டு இல்லை. எங்கே திருட்டாகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாத்து ஊதல் என்பது வாத்தைப் போலக் குரல் கொடுத்து வாத்துகளை வரவழைக்க ஊதுகிற, உள்ளங்கையில் அடங்கும் குழல். வாய் வைக்கும் பக்கம் பேரல், அதற்குள் செருகுவது இன்சர்ட். இன்சர்ட்டில் டோன் போர்டு என்ற வளைவான பலகை இருக்கும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ரீடு படுத்திருக்கும். ரீடின் அடியை ஒரு கார்க் துண்டு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு அந்த ரீடும் வளைவும் அப்படி. வெளியே எவ்வளவு அழகாகக் கடைந்தாலும் சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

இந்தத் தொழில் வளர்ந்ததே ஒருவர் செய்ததை இன்னொருவர் பிரித்துப் பார்த்துத்தான். 1904-இல் இல்லினாய் மாநிலம் பீக்கினில் பி.எஸ். ஓல்ட் என்பவர் டி-2 என்ற ஊதலைக் கெட்டி ரப்பரில் செய்தார். மரம்போல ஈரத்தில் உப்பிக்கொள்ளாது. டோன் போர்டும் இன்சர்ட்டும் ஒரே துண்டு, ரீடை நெருக்க ஒரு ஆப்பு. இன்று 'ஆர்கன்சா பாணி' என்று நாம் சொல்வதன் எலும்புக்கூடு அதுதான். ஆர்கன்சா வேட்டைக்காரர்கள் அதோடு விடவில்லை. கடையில் வாங்கிய டி-2-வின் டோன் போர்டை அறுத்துக் குட்டையாக்கி, ரீடையும் வெட்டி, வெள்ளம் நிற்கும் காட்டில் எட்டுத் திக்கும் கேட்கிற முரட்டுச் சத்தத்தை வரவழைத்தார்கள். 'கட்-டவுன்' என்று அதற்குத் தனி வகையே உருவாகிவிட்டது. இன்று பலர் கட்-டவுன்களை முதலிலிருந்தே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்கன்சா மாநிலத்து ஸ்டட்கார்ட் ஊரில், ஊதல் செய்பவரான சிக் மேஜரிடம் சிறுவனாகக் கற்ற புட்ச் ரிச்சன்பேக்தான் பின்னாளில், 1976-இல், ரிச்-என்-டோன் என்ற ஊதல் கம்பெனியைத் தொடங்கினார். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் திருத்துவதுதான் இங்கே பள்ளிக்கூடம்.

சரி, கோடு எங்கே? முதலில் சட்டம். ஊதலிலோ அட்டைப் பெட்டியிலோ காப்புரிமை எண் இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்புக்கான காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், தோற்ற வடிவத்துக்கானது வழங்கிய நாளிலிருந்து 15 வருடம். காலம் முடிந்தவை எல்லோருக்கும் சொந்தம். படங்களோடு விளக்கமும் இருப்பதால், எனக்கு அவைதான் இலவசப் பாடநூல். வாத்து ஊதலுக்கு எலாம் ஃபிஷர் காப்புரிமை வாங்கிய 1870 வரை பின்னோக்கிப் போய்ப் படிக்கலாம். பெயரும் முத்திரையும் வேறு கதை, அவற்றைத் தொடவே கூடாது.

அப்புறம் சட்டத்துக்கு வெளியே, என் சொந்தக் கோடு. ஒருவருடைய டோன் போர்டை அப்படியே அச்சு எடுத்து, ரெசினில் வார்த்து, என் பேரைப் போட்டு விற்க மாட்டேன். அந்த வளைவுக்காக அவர் எத்தனை இன்சர்ட்டைக் குப்பையில் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், நானும் போட்டிருக்கிறேன். போன வருடம் ஒருவர் வேறொருவர் செய்த ஊதலைக் கொண்டுவந்து, "இதே மாதிரி இருபது வேண்டும்" என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அச்சு எடுத்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பல் மருத்துவர் அச்சு எடுக்கும் பசையை டோன் போர்டில் அழுத்தி, இறுகியதும் உரித்து, பிளேடால் நீளவாக்கில் நறுக்குகிறேன். நறுக்கிய முகத்தைக் கிராஃப் தாளில் வைத்துப் பென்சிலால் வரைகிறேன். முதல் தடவை வரைந்தபோது அசந்துபோனேன். ஒரே வட்டத்தின் துண்டு என்று நான் நினைத்திருந்த வளைவு, முக்கால் தூரம் ஏறக்குறைய நேராகப் போய், நுனியில் மட்டும் சட்டென்று இறங்கியது. வெறும் காலிப்பரை வைத்து எத்தனை மாதம் அளந்திருந்தாலும் அது என் கண்ணில் பட்டிருக்காது.

உங்கள் கீச்சுக் குரலுக்கு வருகிறேன். ரீடு குட்டையாக இருந்தால் சுருதி ஏறும். தடிமன் கூடினாலும் விறைப்பால் ஏறும். நீங்கள் 14 தௌ ரீடு போட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். (கோவை கணபதியில் அப்பாவின் பட்டறையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் 'தௌ' என்போம். எனக்கு அந்த வார்த்தைதான் வருகிறது.) 10 தௌ போட்டுப் பாருங்கள், குறைந்த காற்றிலேயே கரகரப்பு வரும். ரீடை வேண்டியதைவிட நீளமாக வைத்துத் தொடங்கி, மயிரிழை மயிரிழையாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஊதிப் பாருங்கள். ரீடையும் வளைவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். டோன் போர்டில் காற்றுப் போகும் வாய்க்காலின் விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. 600-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். நான்கு இழுத்தால் விளிம்பே உருண்டுவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரீடு எங்கே நிற்கிறது, கார்க் எங்கே முடிகிறது என்று கூர்ப் பென்சிலால் கோடு போட்டு, படம் எடுத்துவிடுங்கள். லிட்டில் ராக்கில் எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் தன் பழைய ஊதலைப் பார்த்துக்கொள் என்று கொடுத்தார். கோடு போடாமல் கார்க்கை உருவினேன். காய்ந்த கார்க் இரண்டாக உடைந்தது. புது கார்க் செதுக்கி, ரீடைத் தள்ளித் தள்ளி வைத்து, மூன்று வாரம் போராடினேன். அவருடைய சத்தம் திரும்பவே இல்லை. அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அந்த ஊதலை நாற்பது வருடமாகக் கழுத்தில் மாட்டியிருந்தார் என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

இன்னொன்று. ஐந்து ஊதல்களையும் உங்களுடையதையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து ஃபோனில் பதிவு செய்து, எது யாருடையது என்று பார்க்காமல் கேளுங்கள். பிறகு துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடியலில் தண்ணீர் நிற்கும் நெல் வயல் பக்கம் போய் உட்காருங்கள். 'குவாக்' என்று உரக்கக் கத்துவது மல்லார்ட் என்ற காட்டு வாத்தில் பெட்டை மட்டும்தான். பச்சைத் தலை ஆணின் குரல் தணிந்தது. நீங்கள் வாங்கிய ஐந்து பேரும் அந்தப் பெட்டையைத்தான் காப்பி அடிக்கிறார்கள். அவளிடம் நேரே கேட்டு வந்தபின் அவர்கள் ஊதலை எடுத்தால், யார் எதை விட்டார், எதைக் கூட்டினார் என்று புரியும்.

கேள்வி: இதே ஊதலை இங்கே செய்து வேடந்தாங்கலில் ஊதிப் பார்க்கலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. கூடு கட்ட வந்த பறவைகளைச் சரணாலயத்தில் ஊதிக் கலைப்பதும் தவறு. கடைசல் ஆசைக்காகச் செய்யுங்கள், மொட்டை மாடியில் ஊதுங்கள்.

கேள்வி: கோகோபோலோ மரத்தில் கடைந்தால் கை அரிக்கிறதே?
(வாசகி, ஹூஸ்டன்)

பதில்: அந்த மரத்தூள் பலருக்கு ஒவ்வாது, போகப் போக இன்னும் மோசமாகும். எனக்கும் இரண்டாவது வருடம் மணிக்கட்டு முழுக்கத் தடித்தது, விட்டுவிட்டேன். ஆர்கன்சாவிலேயே விளையும் போ-டார்க் மரத்துக்கு மாறுங்கள். கடையும்போது மஞ்சளாக இருக்கும், வெயில் பட்டால் பழுப்பேறும். எந்த மரமானாலும் முகமூடி இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள்.