தேனை அறிந்ததா, தேனைத் தின்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கரடியை ரஷ்ய மொழியில் 'மெத்வேத்' என்பார்கள் என்று அறிந்தேன். இதிலுள்ள 'மெத்' நம் 'மது' என்றும், 'வேத்' வேதத்தின் வேர் என்றும், ஆகவே இது 'தேனை அறிந்தது' என்று பொருள்படும் என்றும் நண்பர் ஒருவர் கூறுகிறார். இது சரிதானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பாதி சரி. நமக்கு வடமொழி வழியாக வந்த 'மது'வும், ரஷ்யர் தேனைக் குறிக்கும் 'மியோத்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் உங்கள் நண்பர் சொல்லைப் பிரித்த இடம் ஓரெழுத்து தள்ளிப்போய்விட்டது. ரஷ்யர்களிலேயே பலர் அவ்வாறு பிரிப்பதுண்டு. 'அறிதல்' என்று பொருள்படும் அவர்களுடைய 'வேதத்' என்ற வினை உண்மையாகவே வேதத்துக்கு உறவு என்பதால், அங்கே சறுக்குவது எளிது.

ரஷ்யம், போலிஷ் முதலிய ஸ்லாவிய மொழிகளுக்குத் தாயான மூல ஸ்லாவியத்துக்கு எழுத்துச் சான்று கிடையாது; அதன் வழிவந்த மொழிகளை ஒப்பிட்டுத்தான் 'மெத்வேதி' என்ற வடிவத்தை மீட்டிருக்கிறார்கள். அதன் உறுப்புகள் தேன் என்னும் 'மெது'வும், உண்ணுதலைக் குறிக்கும் 'ஏத்' என்ற வேரும் ஆகும். உயிரெழுத்துக்கு முன் உகரம் வகரமாகத் திரிந்ததால் பிறந்த அந்த 'வ்'தான் வேதம்போல் மயக்குகிறது. வடமொழியிலும் இதே புணர்ச்சி உண்டு: ரிக் வேதத்தின் முதல் மண்டலத்து 164ஆம் சூக்தத்தில், மரத்திலமர்ந்து தேனுண்ணும் பறவைகளுக்கு 'மத்வத்' என்ற அடைமொழி வருகிறது. அங்கே பறவை, இங்கே கரடி. சொல்லின் கட்டுமானம் ஒன்றே.

வழித்தோன்றல்களில் எனக்குப் பிடித்தவை தடம் புரண்டவைதாம். உக்ரேனியர் அசைகளை இடம்மாற்றி 'வெத்மித்' என்கிறார்கள். போலிஷ் மொழியில் முதலெழுத்து மகரத்திலிருந்து நகரமாகி 'நியெஜ்வியெச்' ஆயிற்று. செக் கால்பந்து வீரர் பாவெல் நெத்வியெத்தின் குடும்பப் பெயரிலும் அதே நகரம் இருக்கிறது. ஸ்லாவிய இனத்தைச் சேராத ஹங்கேரிய மொழியும் 'மெத்வெ' என்று இதைக் கடன் வாங்கிக்கொண்டது.

கிரேக்கத்தில் 'ஆர்க்தோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', வடமொழியில் 'ருக்ஷ' என வாழும் பழம்பெயரை ஸ்லாவியர் ஏன் இழந்தார்கள் என்பதற்கு, பெயர் சொல்லி அழைத்தால் விலங்கு வந்துவிடும் என்ற வேட்டுவ அச்சத்தையே அறிஞர்கள் பலரும் காரணமாகக் கூறுகிறார்கள். ஊகம்தான் என்றாலும் எனக்கு அது ஏற்புடையதே. ஏனெனில் மாற்றாக வந்த பெயரையும் ரஷ்யர்கள் விட்டுவைக்கவில்லை, மிகயீல் என்ற ஆட்பெயரின் செல்ல வடிவத்தால் கரடியை 'மிஷா' என்கிறார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமாக நின்ற கரடிக்கும் அதுவே பெயர்.